எழுபதாவது வாரத்தில் தள்ளாடிய சுண்டெலிகள்

போன மாதம் நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். காலையில் வாக்கிங் போகும்போது பாதம் தரையில் சரியாகப் பதிகிறதா இல்லையா என்று சில மாதங்களாகவே ஒரு சந்தேகம். ராத்திரி விளக்குப் போடாமல் பாத்ரூம் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. வயதுக்கு வருவதுதானே என்று நான் விட்டிருந்தேன். வீட்டுக்காரி விடவில்லை.

டாக்டர் என் மகனைவிட இளையவர். செருப்பைக் கழற்றச் சொன்னார். "ஒரு காலோட குதிகால், மத்த காலோட கட்டைவிரலைத் தொடுற மாதிரி நேர்க்கோட்டுல நடங்க ஐயா" என்றார். நடந்தேன். ஐந்தாவது அடியில் மேஜையைப் பிடித்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். அப்புறம் ஒரு இசைக்கவையைத் தட்டி என் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, "அதிர்வு தெரியுதா? நின்னதும் சொல்லுங்க" என்றார். வைத்ததே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

முப்பது வருடமாக நான் எலிகளுக்கு வைத்த பரீட்சையை இப்போது எனக்கே வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஒரு பார்மசி கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்திய செய்முறைகளில் ஒன்று ரோட்டாராட். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். படுக்கைவாட்டில் ஒரு உருளைக் கம்பி. மோட்டார் அதை மெதுவாகச் சுற்றும். கம்பியில் இடைவெளி விட்டு வட்டத் தடுப்புகள் இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சுண்டெலி. கம்பி சுற்றச் சுற்ற எலி எதிர்த்திசையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் கீழே தட்டில் விழும். எத்தனை விநாடி தாக்குப்பிடித்தது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்துக்கொள்வோம். அப்புறம் டயஸெபாம் ஊசி போட்டு அரைமணி கழித்து மறுபடி ஏற்றினால், மூன்று நிமிடம் நின்ற எலி முப்பது விநாடியில் விழும். மருந்து தசையைத் தளர்த்துகிறது, ஒத்திசைவைக் குலைக்கிறது என்று பிள்ளைகள் ரெக்கார்டில் எழுதுவார்கள். 1957இல் டன்ஹம், மியா என்ற இருவர் அமெரிக்க மருந்தாளுநர் சங்க இதழில் ஒரு சிறு குறிப்பாக எழுதியதுதான் இந்தக் கருவி. கல்லூரியில் எங்களிடம் இருந்தது அம்பாலாவில் செய்தது. மோட்டார் சூடானால் ஒரு கருகல் வாசனை வரும்.

எங்கள் அனிமல் ஹவுஸில் ஒரு அட்டெண்டர் இருந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். செய்முறைக்கு எங்களுக்கு வேண்டியது எட்டு வாரம், பத்து வாரக் குட்டிகள். இனப்பெருக்கத்துக்கு வைத்த எலிகளும் எட்டு ஒன்பது மாதம் தாண்டினால் கழித்துவிடுவோம். ஆனால் அண்ணாச்சி சிலதைக் கழிக்க மனசு வராமல் ஓரமாக ஒரு கூண்டில் வைத்துத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடம் வந்து, "சார், இதுல ரெண்டு பின்னங்காலை இழுத்துக்கிட்டு நடக்குது. வந்து பாருங்க" என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை. "வயசாச்சுல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அந்தப் பேச்சு எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது ஓய்வுக்குப் பிறகு, பிரியான் எலிகளின் கதையைப் படித்தபோது. எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு முடிவு செய்தேன்.

கதை ஆடுகளில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் செம்மறியாடுகளுக்கு ஸ்கிரேப்பி என்று ஒரு நோய் இருநூறு வருடத்துக்கு மேலாக உண்டு. ஆடு அரிப்பெடுத்து வேலியில் உடம்பைத் தேய்க்கும், கம்பளி உதிரும், பிறகு தள்ளாடி விழுந்து சாகும். மூளையை எடுத்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் இருந்த குரு என்ற நோயிலும் இதே மாதிரி மூளைதான். மனிதருக்கு வரும் கிராய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோயிலும் அப்படியே. தொற்றுகிறது, ஆனால் பாக்டீரியாவும் அகப்படவில்லை, வைரஸும் அகப்படவில்லை. 1982இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி புரூசினர், இதைப் பரப்புவது உயிரியே இல்லை, வெறும் புரதம்தான் என்று சொல்லி அதற்குப் பிரியான் என்று பெயரும் வைத்தார். அந்தக் காலத்தில் பலர் அவரைக் கேலி செய்தார்கள். 1997இல் நோபல் கொடுத்தார்கள்.

1985இல் அந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்தபோதுதான் உண்மையான அதிர்ச்சி. அது வெளியிலிருந்து வந்த கிருமியின் மரபணு இல்லை. ஆட்டிலும் எலியிலும் நம்மிலும் பிறவியிலேயே இருக்கும் மரபணு. நோயே இல்லாத மூளையிலும் அந்தப் புரதம் நரம்புச் செல்களின் மேற்பரப்பில் நிறைய இருக்கிறது. அது மடிப்பு மாறி உருக்குலைந்தால் நோய். உருக்குலையாமல் ஒழுங்காக இருக்கும்போது அதற்கு என்ன வேலை? யாருக்கும் தெரியாது.

ஒரு ஆள் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர் லீவு போடும் நாளில் ஆபீசுக்குப் போய்ப் பார்த்தால் போதும். 1980களின் கடைசியில் கபெக்கி, எவன்ஸ், ஸ்மிதீஸ் ஆகியோரின் உழைப்பால் சுண்டெலியில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து குட்டி பெறும் முறை கைக்கு வந்திருந்தது. நாக்அவுட் எலி என்பார்கள். இதற்காக மூவருக்கும் 2007இல் நோபல் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் சூரிச்சில் சார்லஸ் வைஸ்மேனின் குழு பிரியான் மரபணு இல்லாத எலியை உருவாக்கியது. 1992 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் ப்யூலர். தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: வளர்ச்சியும் நடத்தையும் இயல்பு. அந்த எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டி போட்டன. கற்கும் திறனைச் சோதிக்க நீச்சல் தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். மற்ற எலிகளைப் போலவே கற்றன. ஏழு மாத வயது வரை குறையொன்றும் தெரியவில்லை.

நீச்சல் தொட்டி என்றதும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். ஸ்காட்லாந்தில் ரிச்சர்ட் மோரிஸ் 1981இல் வெளியிட்ட சோதனை இது. வட்டத் தொட்டியில் தண்ணீரைப் பால் கலந்து மங்கலாக்கி, மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிறு மேடையை மறைத்து வைப்பார்கள். சுற்றுச் சுவரில் தெரியும் அடையாளங்களை வைத்து விலங்கு மேடையைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். அவர் செய்தது பெரிய எலிகளில். அவை நன்றாக நீந்தும். சுண்டெலிகளில் சில சோம்பேறிகள் நீந்தாமல் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். அதை ஞாபகமறதி என்று கணக்கில் எழுதினால் போச்சு. ஆய்வகங்களில் வளர்க்கும் சில இனங்களுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே விழித்திரை அழிந்து கண் போய்விடும். அவற்றுக்குச் சுவரில் என்ன அடையாளம் வரைந்து என்ன பயன்? வயதான எலியென்றால் இன்னும் தொல்லை. காது மந்தம், உடல் கனம், கண்புரை. கம்பியிலிருந்து விழுந்தது மூளைக் கோளாறாலா, தொந்தியாலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சூரிச் எலிகளுக்கு வருவோம். மறு வருடம் அவற்றின் மூளைக்குள் ஸ்கிரேப்பி நோய்ப்பொருளைச் செலுத்தினார்கள். சாதாரண எலிகள் எல்லாம் செத்தன. பிரியான் மரபணு இல்லாதவற்றுக்கு நோய் வரவில்லை. இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் இருந்த எலிகளுக்கு நோய் மிகத் தாமதமாக வந்தது. அதாவது, உடம்பில் சொந்தப் புரதம் இல்லையென்றால் நோய் பரவ இடமில்லை. பாதியாக இருந்தால் நோய்க்கு வேகமில்லை. புரூசினர் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் தேவைப்படவில்லை. ஒரு வைத்திய யோசனையும் கூடவே பிறந்தது. அந்தப் புரதத்தை மூளையில் குறைத்துவிட்டால் நோயைத் தள்ளிப்போடலாமே? புரதம் இல்லாத எலிதான் சௌக்கியமாக இருக்கிறதே!

ஏழு மாதம் வரை சௌக்கியம். சுண்டெலியின் ஆயுள் இரண்டு வருடம், சிலதுக்குக் கொஞ்சம் கூட. ஏழு மாதம் என்பது இளமை. நரம்புச் சிதைவு நோய்கள் எல்லாம் முதுமைக்கு வருகிறவை. அப்படியிருக்க ஏன் எலியை வயதாக விடுவதில்லை என்று கேட்பீர்கள். அனிமல் ஹவுஸ் நடத்தியவனைக் கேளுங்கள். ஒரு கூண்டுக்கு வாராவாரம் உமி மாற்ற வேண்டும், தினமும் தீனி, தண்ணீர். நூறு எலியை இரண்டு வருடம் வைத்துக்கொள்வது என்றால் யாராவது ஒருவர் அதற்கே சம்பளம் வாங்க வேண்டும். இடையில் கட்டி வந்து சாகும், சண்டை போட்டுச் சாகும். முனைவர் பட்ட மாணவனுக்குக் கிடைப்பதே மூன்று நான்கு வருடம். கிழட்டு எலிக்காகக் காத்திருப்பவன் தன் வயதையும் சேர்த்துக் கொடுக்கிறான்.

ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழகத்தில் காத்திருந்தார்கள். சகாகுச்சி, கட்டமினே முதலானோர் தாங்களாகவே ஒரு பிரியான் நாக்அவுட் எலி வம்சத்தை உருவாக்கி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவையும் இயல்பாகத்தான் வளர்ந்தன. எழுபது வாரத்தை ஒட்டி, அதாவது பதினாறு மாத வயதில், நடை மாறியது. முதலில் ஒன்றிரண்டு என்றில்லை, அந்த வம்சத்தில் எல்லாமே தள்ளாட ஆரம்பித்தன. நாளாக ஆக முற்றியது. ரோட்டாராட்டில் ஏற்றினார்கள். கம்பியில் நிற்க முடியவில்லை. மூளையை வெட்டிப் பார்த்தால் சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் பெரும்பாலும் அழிந்திருந்தன. உடலின் அசைவுகளை ஒத்திசைய வைக்கும் பெரிய செல்கள் அவை. போனால் திரும்ப முளைப்பதில்லை.

இந்தக் கட்டுரை 'நேச்சரில்' வந்தது 1996 ஏப்ரலில். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்புதான், மார்ச் 20 அன்று, பிரிட்டனின் சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, பித்துப்பிடித்த மாடுகளின் நோய்க்கும் இளைஞர்களுக்கு வந்திருக்கும் புதுவகை மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிவித்திருந்தார். ஐரோப்பா முழுக்கக் கசாப்புக் கடைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்த நேரத்தில் நாகசாகி சொன்னதன் பொருள் என்ன? பிரியான் புரதம் இல்லாவிட்டால் முதுமையில் மூளைச் செல்கள் சாகின்றன. அப்படியானால் அந்த நோயே கூட, நல்ல புரதம் உருக்குலைந்து தன் வேலையைச் செய்யாமல் போவதால் வருவதாக இருக்கலாம். புரதத்தைக் குறைத்து வைத்தியம் செய்யலாம் என்ற யோசனையும் செத்தது. நோயைத் தடுக்கக் கொடுத்த மருந்தே பத்து இருபது வருடம் கழித்து ஆளைத் தள்ளாட வைக்கும்.

ஒரு சிக்கல் இருந்தது. சூரிச்சிலும் எலிகளுக்கு வயதாகியிருந்தது. அவை தள்ளாடவில்லை. எடின்பரோவில் ஜீன் மேன்சனின் குழு 1994இல் உருவாக்கிய பிரியான் இல்லாத எலிகளும் தள்ளாடவில்லை. அதே எடின்பரோவில் இன்னொரு குழு, டேவிட் மெல்டனின் ஆய்வகத்தில், உருவாக்கிய எலிகளோ முதுமையில் தள்ளாடின. ஒரே ஊர், ஒரே மரபணுவை நீக்கிய இரண்டு வம்சங்கள், இரண்டு நடை. எலி இனம் வேறு, அதனால்தான் வித்தியாசம் என்று சொல்லிப் பார்த்தார்கள். யாருக்கும் திருப்தியில்லை.

நாகசாகிக்காரர்கள் அடுத்துச் செய்தது நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறையேதான். ஒரு பொருள் இல்லாததால் கோளாறு என்று சொல்கிறாயா? அதைத் திரும்பக் கொடு. கோளாறு போனால் உன் பேச்சு சரி. 1999இல் தள்ளாடும் வம்சத்துக்குள் பிரியான் மரபணுவை மறுபடி புகுத்தினார்கள். பர்கின்ஜி செல்கள் பிழைத்தன, தள்ளாட்டம் வரவில்லை. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? வைவாவில் ஒரு மாணவன் இதைச் சொல்லியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

அதே 1999இல் இன்னொரு கட்டுரை வந்தது. மூர், வெஸ்ட்அவே முதலானோர் எழுதியது. எலியின் பிரியான் மரபணு இருக்கும் இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டு போனபோது, பதினாறாயிரம் எழுத்து தள்ளி, பக்கத்து வீடு மாதிரி, இதுவரை யாரும் அறியாத ஒரு மரபணு இருந்தது. பிரியானுக்குத் தூரத்துச் சொந்தம். டாப்பெல் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் இரட்டை என்று பொருள். சாதாரண எலியின் மூளையில் டாப்பெல் புரதம் அனேகமாக இருக்காது. அது விரைகளில் இருப்பது. பின்னால் அதை நீக்கிப் பார்த்தபோது ஆண் எலிகள் மலடாயின. அப்படிப்பட்ட புரதம், நாகசாகி எலிகளின் மூளையில் ஏராளமாக இருந்தது. எடின்பரோவின் தள்ளாடும் எலிகளிலும் இருந்தது. தள்ளாடாத சூரிச் எலிகளில் இல்லை.

எப்படி வந்தது? பஸ்ஸை வைத்துச் சொல்லலாம். பிரியான் மரபணுவின் தொடக்கத்தில் ஒரு சுவிட்ச், அதுதான் டிப்போ. அங்கிருந்து கிளம்பும் பஸ் பிரியான் ஸ்டாப்பில் நின்று சரக்கை இறக்கிவிடும். நரம்புச் செல்களில் இந்த டிப்போ ரொம்ப சுறுசுறுப்பு. சூரிச்சில் மரபணுவைக் கெடுத்தவர்கள் ஸ்டாப்பின் உள்ளே இருந்த சாமானை மட்டும் மாற்றினார்கள், போர்டு அப்படியே இருந்தது. பஸ் வந்து நின்றது, இறக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான். நாகசாகியில் இன்னும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று ஸ்டாப்போடு சேர்த்து அதற்கு முன்னால் இருந்த போர்டையும் பிடுங்கிவிட்டார்கள். நிற்க வேண்டிய இடம் தெரியாத பஸ் நேரே ஓடி அடுத்த ஸ்டாப்பில் நின்றது. அடுத்த ஸ்டாப் டாப்பெல். விரையில் இருக்க வேண்டிய சரக்கு சிறுமூளையில் நாள்தோறும் இறங்கியது. பர்கின்ஜி செல்கள் ஒரு வருடம் தாங்கின, அப்புறம் செத்தன. 2001இல் சூரிச்சிலேயே போர்டையும் சேர்த்துப் பிடுங்கிய வேறொரு வம்சத்தை உருவாக்கிப் பார்த்தார்கள். அவையும் தள்ளாடின. மூளையில் டாப்பெல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம்.

அப்படியானால் பிரியானைத் திரும்பக் கொடுத்தபோது எலி பிழைத்தது எப்படி? அங்கேதான் நான் இந்தக் கட்டுரைகளை மூடி வைத்துவிட்டு மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன். பிரியான் புரதம் டாப்பெலின் நஞ்சை முறிக்கிறது. அதனால் பிரியான் கொடுத்ததும் செல்கள் பிழைத்தன. சோதனை சரி, விடை சரி. ஆனால் பிரியான் இல்லாதது மட்டுமே செல்களைக் கொல்லவில்லை, கொன்றது டாப்பெல். 'திரும்பக் கொடுத்துப் பார்' என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிய எனக்கு, அந்தச் சோதனை இப்படியும் ஏமாற்றும் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. நாகசாகி ஆய்வாளர்கள் எதையும் தப்பாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலி தள்ளாடியது உண்மை. அவர்கள் கிழட்டு எலியை வைத்துக் காத்திருக்காவிட்டால் டாப்பெலுக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த வம்சங்களில் இப்படித் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டது இது ஒன்று மட்டுமில்லை. நாக்அவுட் எலி செய்ய ஒரு இனத்தின் செல்லை எடுத்து இன்னொரு இனத்தோடு சேர்ப்பார்கள். நீக்கிய மரபணுவோடு அதன் பக்கத்தில் இருக்கும் வேற்று இன மரபணுக்களும் ஒட்டிக்கொண்டே தலைமுறை தலைமுறையாக வரும். பிரியான் இல்லாத எலிகளில் செத்த செல்களை விழுங்கித் துப்புரவு செய்யும் வேலை மாறியிருக்கிறது என்று ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. அது பிரியானால் அல்ல, அப்படி ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பக்கத்து மரபணுவால் என்று 2013இல் சூரிச் குழுவே காட்டியது. தூக்கம், ஞாபகம், மோப்பம் என்று பிரியானுக்கு வேலைகள் பல சொல்லப்பட்டன. மோப்பத்துக்கு ஒரு அழகான சோதனை: கூண்டு உமிக்கடியில் பிஸ்கட்டை ஒளித்துவைத்து எலி எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பது. எங்கள் அண்ணாச்சி பொழுதுபோக்காகவே இதைச் செய்வார்.

வெறும் பிரியான் மட்டும் இல்லாததால் என்னதான் ஆகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. பதில் வந்தது 2010இல், அதுவும் சூரிச்சிலிருந்து, அட்ரியானோ அகுஸ்ஸியின் குழுவிலிருந்து. இந்தத் தடவை யாரும் ஒரு வம்சத்தை நம்பவில்லை. தனித்தனியாக உருவாக்கப்பட்ட நான்கு வம்சங்களை எடுத்து, எல்லாவற்றையும் வயதாக விட்டுப் பார்த்தார்கள். மூளையை விட்டுவிட்டுக் கால் நரம்புகளைப் பார்த்தார்கள். நான்கிலும் ஒரே கோளாறு. நரம்பு இழையைச் சுற்றிக் கரண்ட் வயருக்கு இன்சுலேஷன் மாதிரி ஒரு மையலின் உறை உண்டு; அது நாளடைவில் உரிந்துபோயிருந்தது. டாப்பெல் மரபணுவையும் சேர்த்து நீக்கிப் பார்த்தார்கள், மாறவில்லை. எலி இனத்தை மாற்றிப் பார்த்தார்கள், மாறவில்லை. நரம்புச் செல்லில் மட்டும் பிரியானைத் திரும்பக் கொடுத்தபோது உறை பிழைத்தது. உறையைச் செய்யும் ஷ்வான் செல்லில் மட்டும் கொடுத்தபோது பிழைக்கவில்லை. அதாவது நரம்பு இழை, தன்னைப் போர்த்தியிருக்கும் செல்லுக்கு, 'நான் இருக்கிறேன், போர்வையைப் பார்த்துக்கொள்' என்று பிரியான் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்கும் பக்கத்துக் காது எது என்பதையும் 2016இல் கண்டுபிடித்தார்கள். அதே வருடம், ஒட்டுண்ணி மரபணு எதுவும் இல்லாத, பிரியானில் மட்டும் வித்தியாசப்படும் புது வம்சம் ஒன்றையும் உருவாக்கினார்கள். அதற்கும் முதுமையில் கால் நரம்பின் உறை உரிந்தது.

1992 முதல் 2010 வரை பதினெட்டு வருடம். நாகசாகியின் 1999 கட்டுரையிலேயே மையலின் சிதைவைப் பற்றி எழுதியிருந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். தள்ளாட்டத்தைப் பற்றிய சத்தத்தில் அது அமுங்கிவிட்டது. தள்ளாட்டம் கம்பியிலிருந்து விழுந்து காட்டிவிடும். கால் உணர்ச்சி குறைவதை எலி யாரிடம் சொல்லும்?

இதையெல்லாம் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன என்று கேட்டால், சோனியா வல்லப் என்ற பெண்மணியைச் சொல்வேன். அமெரிக்காவில் சட்டம் படித்தவர். 2010இல் அவருடைய தாயார் வேகமாக முற்றிய ஒரு மூளை நோயில் இறந்தார். பிரியான் மரபணுவில் பரம்பரைப் பிழை என்று பின்னால் தெரிந்தது. சோனியா தன்னைச் சோதித்துக்கொண்டார். அவரிடமும் அது இருந்தது. அவரும் கணவர் எரிக் மினிக்கலும் தங்கள் தொழில்களை விட்டு உயிரியல் படித்து முனைவர் பட்டம் பெற்று, பாஸ்டனை அடுத்த பிராட் ஆய்வு நிலையத்தில் இந்த நோய்க்கே மருந்து தேடுகிறார்கள். அவர்கள் பிடித்திருக்கும் வழி, 1993இல் பிறந்த அந்தப் பழைய யோசனைதான்: மூளையில் பிரியானைக் குறைப்பது. அதற்கான ஒரு மருந்து, முதுகுத்தண்டு நீரில் ஊசி வழியாகச் செலுத்துவது, மனிதர்களில் சோதனைக்கு வந்துவிட்டது.

நாகசாகி எலிகளின் தள்ளாட்டம் பிரியான் இல்லாததால்தான் என்று உலகம் நம்பிக்கொண்டே இருந்திருந்தால் இந்த மருந்தைச் செய்யவே யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். இப்போது அவர்களுக்குக் கணக்குத் தெரியும். புரதம் அறவே இல்லாத எலிக்கு முதுமையில் கால் நரம்பு பழுதாகும். பாதி இருந்தால்? மனிதரில் ஒரு பிரதி செயலிழந்த சிலர் நல்ல ஆரோக்கியத்தோடு வாழ்வதை மினிக்கல் முதலானோர் 2016இல் காட்டினார்கள். நார்வேயில் பிறவியிலேயே இந்தப் புரதம் இல்லாத பால் ஆடுகள் மந்தையோடு மந்தையாக மேய்ந்துகொண்டிருந்ததும் 2012இல் தெரியவந்தது.

என் விஷயம் பாக்கி இருக்கிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். வைட்டமின் பி12 பாதாளத்தில் இருந்தது. நான் சைவம், பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவன். மெட்ஃபார்மின் பி12ஐ உடம்பில் சேரவிடாது, பி12 இல்லாவிட்டால் மையலின் உறை கெடும். இரண்டையும் வருடாவருடம் வகுப்பில் சொன்னவன் நான்தான். "எத்தனை நாளா ஐயா இப்படி?" என்று டாக்டர் கேட்டபோது, ஒரு வருடம் இருக்கும் என்று வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள்.

ஊசி எழுதிக்கொடுத்திருக்கிறார். முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், அப்புறம் வாரத்துக்கு ஒன்று. ஆறு போட்டாயிற்று. நேற்று ராத்திரி விளக்குப் போடாமல் பாத்ரூம் வரை போய்ப் பார்த்தேன். சுவரை இரண்டு தடவை தொட்டேன்.